வெட்டாமல் விழுந்த வெட்டு

மட்டக்குளியிலிருந்து வெள்ளவத்தைப் பக்கம் ஓடும் 155ஆம் இலக்க பஸ்ஸில் காலை வேளையில் இரண்டு விதமான பிள்ளைகளைப் பார்க்கலாம். ஒரு கூட்டம் தும்முல்லையை ஒட்டி இறங்கிக் கொழும்புப் பல்கலைக்கழகத்துக்கு நடக்கும். மற்றக் கூட்டம் பம்பலப்பிட்டிவரை வந்து, காலி வீதியிலோ டுப்ளிகேஷன் வீதியிலோ மாடிக் கட்டடம் ஒன்றில் இயங்கும் தனியார் உயர்கல்வி நிலையத்துக்குப் போகும். வெள்ளவத்தை இராமகிருஷ்ணா வீதிவரை போகிறவர்கள், 1990இல் தொடங்கிய ஐ.ஐ.ரி. நிறுவனத்தில் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்குப் படிக்கிறார்கள். முதற் கூட்டத்தின் படிப்புச் செலவைத் திறைசேரி தருகிறது. இரண்டாவது கூட்டத்தின் செலவைத் தகப்பனோ, கனடாவில் இருக்கிற மாமாவோ, வங்கிக் கடனோ தருகிறது. இரண்டுக்கும் இடையில் பஸ்ஸில் சில நிமிட ஓட்டம்தான். 2022க்குப் பிறகு இலங்கை உயர்கல்வியில் நடந்த பலதும் இந்தச் சில நிமிட ஓட்டத்துக்குள் அடங்கும்.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்தது. அந்த மாதம் முடிவதற்குள் திறைசேரி செலவுக் கட்டுப்பாட்டுச் சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டது. புதிய ஆட்சேர்ப்பு நின்றது, புதிய கட்டட வேலைகள் நின்றன. பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை கையில் கத்தரிக்கோலோடு யாரும் வரவில்லை. இன்ன துறையை மூடு, இத்தனை பேரை நீக்கு, இவ்வளவு கட்டணம் வாங்கு என்று ஒரு கடிதமும் வரவில்லை. வந்திருந்தால் எதிர்த்துக் கோஷம் போட ஏதாவது இருந்திருக்கும். மூலதனச் செலவை நேரடியாகவே நிறுத்தினார்கள். சம்பளம், மின்சாரம், பராமரிப்பு போன்ற மீண்டெழும் செலவுக்கான ஒதுக்கீடு காகிதத்தில் அப்படியே இருந்தது. தேய்ந்தது அந்தக் காகிதத்தில் இருந்த ரூபா.

தேய்மானம் எவ்வளவு என்பதை இரண்டு கணக்கில் பார்க்கலாம். 2022 மார்ச்சுக்கு முன் ஒரு டொலர் சுமார் 200 ரூபா. மே மாதமளவில் 360 ரூபாவை எட்டியது. ஆயிரம் டொலருக்கு வாங்கும் இரசாயனமோ ஆய்வுக்கருவியின் உதிரிப்பாகமோ இரண்டு இலட்சத்திலிருந்து மூன்று இலட்சத்து அறுபதாயிரமாயிற்று. மின்கட்டணம் 2022 ஓகஸ்ட்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதமும் உயர்ந்தது. இரண்டையும் பெருக்கினால் 100 ரூபா லைட் பில் 290 ரூபா. குளிரூட்டி நிற்கக்கூடாத உயிரியல் ஆய்வுகூடத்துக்கும், இரவுபகல் ஓடவேண்டிய கணினி சேர்வருக்கும் இந்தப் பெருக்கல் விளையாட்டல்ல. பின்னர் கட்டணம் குறைந்தது உண்மை. ஆனால் குறைந்தது ஏறியதிலிருந்துதான்.

பணம் எந்த வழியால் வருகிறது என்பதையும் சொல்லவேண்டும். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் உருவானது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. வாட் பிளேஸில் இருக்கும் அந்த அலுவலகம், அரச பல்கலைக்கழகங்கள் தரும் மதிப்பீடுகளைத் தொகுத்துத் திறைசேரிக்கு அனுப்புகிறது. பிறகு வரவுசெலவுத்திட்டம், பாராளுமன்றம், ஒதுக்கீடு. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஐந்தாண்டு மூலோபாயத் திட்டம் ஒன்றையும் அச்சிட்டு வைத்திருக்கிறது. திட்டம் ஐந்து வருடத்துக்கு, காசு ஒரு வருடத்துக்கு. 2025இல் அதுவும் இல்லை. தேர்தல்களால் வரவுசெலவுத்திட்டம் பெப்ரவரிக்குத் தள்ளிப்போக, ஆண்டின் முதல் நான்கு மாதமும் இடைக்காலக் கணக்கில் ஓடின. நான்கு மாதக் காசை வைத்துக்கொண்டு நான்கு வருடப் பட்டப்படிப்பைத் திட்டமிடும் நிதியாளரை எந்தப் பாடநூலும் வர்ணித்ததில்லை.

இந்த ஆணைக்குழு முறையின் மூலம் பிரித்தானியா. அங்கே 1919இல் தொடங்கிய மானியக் குழு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மொத்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றது. பல்கலைக்கழகங்கள் நிம்மதியாகத் திட்டமிட்டன. அந்த ஐந்தாண்டு ஒழுங்கைக் கொன்றது 1970களின் பணவீக்கம். பிறகு வந்தது 1981. தட்சர் அரசு பணத்தைக் குறைக்க, குழு அந்தக் குறைப்பை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடாமல் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடுத்தியது. சல்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் 44 வீதம் வெட்டு. அதற்கு முந்திய ஆண்டிலேயே வெளிநாட்டு மாணவர்கள் முழுச் செலவையும் கட்டணமாகக் கட்டவேண்டும் என்றாகிவிட்டது. வெள்ளவத்தையிலும் யாழ்ப்பாணத்திலும் மகனை இலண்டனுக்குப் படிக்க அனுப்பக் காத்திருந்த குடும்பங்களுக்கு அந்த முடிவு நன்றாக உறைத்தது. இலங்கை அமைப்பின் பெயரை எடுத்துக்கொண்டது. ஐந்தாண்டு நிச்சயத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

வெட்டு விழுந்த இடங்களில் முதலாவது மாணவர் வயிறு. 1981இல் லலித் அத்துலத்முதலி தொடக்கிவைத்த மஹாபொல புலமைப்பரிசில் நிதியம், அபிவிருத்தி லொத்தர் விற்பனையின் பங்கையும் சேர்த்து வளர்ந்தது. அதாவது ஏழை ஒருவர் வாங்கும் லொத்தர்ச் சீட்டிலிருந்து இன்னோர் ஏழையின் பிள்ளைக்குப் படிப்புச் செலவு. நெருக்கடி வந்தபோது மாதத் தொகை 5,000 ரூபா. கொழும்பில் பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 வீதத்தைத் தொட்டபோது, அந்த 5,000க்கு முந்தைய வருட விலையில் இருந்த பெறுமதி ஏறத்தாழ 2,950 ரூபா. அந்த 5,000ஐ நாளொன்றுக்குப் பிரித்தால் கையில் வருவது 167 ரூபா. பம்பலப்பிட்டிச் சாப்பாட்டுக் கடையில் அந்தக் காசுக்கு மத்தியானச் சோற்றுப் பார்சல் கிடைக்காது. வவுனியாவிலிருந்தோ அம்பாறையிலிருந்தோ வந்து, விடுதி கிடைக்காமல் வெள்ளவத்தையில் அறை எடுத்த பிள்ளைக்கு வாடகைக் கணக்கு தனி. தவணை தவறி வருவதும் மாணவர்களுக்குப் புதிதல்ல.

2025 வரவுசெலவுத்திட்டத்தில் மஹாபொல 7,500 ஆக உயர்ந்தது. கைதட்டல் கிடைத்தது, தகும். ஆனால் 2021 முடிவிலிருந்து 2024 முடிவுவரை ஏறிய விலைவாசியை வைத்துப் பார்த்தால், அன்றைய 5,000க்குச் சமமாக 2024 முடிவில் ஏறத்தாழ 8,000 ரூபா வேண்டியிருந்தது. உயர்த்திய பிறகும் உதவி பழைய மட்டத்துக்கு வரவில்லை.

இரண்டாவது இடம் வெற்று நாற்காலி. செலவைக் குறைக்க எந்த நிர்வாகத்துக்கும் மிக இலகுவான வழி, ஒருவர் போன இடத்தில் இன்னொருவரை எடுக்காமல் விடுவது. யாரையும் நீக்கவேண்டியதில்லை, பகிஷ்கரிப்பும் இல்லை. வெற்றிடத்தை நிரப்ப முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அங்கீகாரம் வேண்டும், பிரதமரின் செயலாளர் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். கோப்பு போகும், வரும். இதற்கிடையில் 2023 ஜனவரியில் புதிய வருமான வரி வந்தது. அப்போது மாதம் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேல் உழைத்தால் வரி, உச்சப் படியில் 36 வீதம். சிரேஷ்ட பேராசிரியர்களுக்கு விலைவாசியும் வரியும் சேர்ந்து அடித்தன. விரிவுரையாளர்கள் மார்ச்சில் பணிப்பகிஷ்கரிப்புச் செய்து, உயர்தர விடைத்தாள் திருத்துவதிலிருந்தும் ஒதுங்கினார்கள். 2023 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் நடந்த பரீட்சையின் பெறுபேறு செப்டெம்பர் 4ஆம் திகதிதான் வெளிவந்தது. அடுத்த வருடம் கல்விசாரா ஊழியர்களின் முறை. 2024 மே 2ஆம் திகதி தொடங்கிய அவர்களது பகிஷ்கரிப்பு இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது. நூலகம் பூட்டு, ஆய்வுகூடம் பூட்டு, பரீட்சைக் கிளை பூட்டு.

கொழும்புக் கம்பஸில் படித்து, முதல் வகுப்பில் சித்தியடைந்து, தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்ந்த ஒருவர் கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாடு போவார். போகும்போது பொண்ட் எழுதிக் கையொப்பமிடுவார்: படித்து முடிந்ததும் திரும்பிவந்து இத்தனை வருடம் கற்பிப்பேன் என்று. 2022க்குப் பிறகு அந்தப் பொண்டை ரூபாவில் கட்டிவிட்டு டொலரில் வாழ்வது கணக்குத் தெரிந்த எவருக்கும் கஷ்டமில்லை. பல்கலைக்கழகம் ஒரு விரிவுரையாளரை உருவாக்க இருபது வருடம் எடுக்கும். இழக்க ஒரு விமானச்சீட்டு போதும். வெற்றிடத்தை நிரப்புவது வருகைதரு விரிவுரையாளரும் தற்காலிக உதவி விரிவுரையாளரும். அவர்கள் கெட்டிக்காரர்கள்தான். அடுத்த வருடம் இருப்பார்களா என்பது அவர்களுக்கே தெரியாது.

நிரந்தர ஆசிரியர் குறைந்த துறைகளில் பிள்ளைகளைத் தூக்கி நிறுத்துவது குப்பி. மேல்வருட மாணவர் கீழ்வருட மாணவருக்கு விடுதியிலோ மரத்தடியிலோ சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுக்கும் அந்த வழக்கத்துக்குச் சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே பெயர்தான் வைத்திருக்கிறார்கள். அரச கல்வியைக் காக்க வேண்டும் என்று தொடர்ந்து எழுதிவரும் விரிவுரையாளர் குழுவொன்று தன் பெயரையே அதிலிருந்து எடுத்துக்கொண்டது. திறைசேரியின் எந்த ஏட்டிலும் வராத மானியம் அது.

காசு இறுகும்போது என்ன கற்பிக்கிறோம் என்பதும் மாறிவிடும். இது புதிய கதையல்ல. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்து, கிராமத்துப் பிள்ளைகள் உயர்தரத்தைத் தொட்டபோது, 1959இல் வித்தியோதய, வித்தியாலங்கார பிரிவெனாக்கள் பல்கலைக்கழகங்களாயின. அறுபதுகளில் இடங்கள் பெருகின, ஆனால் பெரும்பாலும் கலைப் பிரிவில். மண்டபமும் கரும்பலகையும் இருந்தால் கலைப் பீடம் நடத்தலாம். விஞ்ஞானத்துக்கு ஆய்வுகூடம் வேண்டும், மருத்துவத்துக்கு வைத்தியசாலை வேண்டும். மலிவாக விரிந்ததன் விலையை நாடு பட்டதாரி வேலையின்மையாகக் கட்டியது. 1971 கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். விஞ்ஞான, மருத்துவ, பொறியியல் இடங்கள் அரிதாகவே இருந்ததால்தான் எழுபதுகளின் தரப்படுத்தல் தமிழ் மாணவரை அவ்வளவு ஆழமாக வெட்டியது. பற்றாக்குறையைப் பங்கிடப் போனவர்கள் இனத்தைப் பங்கிட்டார்கள். இன்றைய இசட் புள்ளியும், 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டம் என்ற ஒழுங்கும் அதே பற்றாக்குறையின் பேரப்பிள்ளைகள். 2022ஆம் ஆண்டுக்கான உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெற்றவர்கள் ஒரு இலட்சத்து 66 ஆயிரத்துக்கு மேல். உள்வாரி இடம் கிடைப்பதோ அதில் நாலில் ஒரு பங்கினருக்கு அண்ணளவாக. மீதிப்பேரின் பஸ்தான் பம்பலப்பிட்டிக்கு வருகிறது.

இவ்வளவு பேர் கட்டணம் கட்டத் தயாராக இருக்கும்போது அரச பல்கலைக்கழகமே ஏன் உழைக்கக்கூடாது? இந்தக் கேள்வி ஒவ்வொரு நெருக்கடியிலும் வரும். உண்மையில் அவை ஏற்கனவே உழைக்கின்றன. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தொடக்கிய பி.ஐ.ரி. என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் நல்ல உதாரணம். பாடத்திட்டமும் பரீட்சையும் பட்டமும் பல்கலைக்கழகத்தினுடையவை. கற்பித்தலைத் தனியார் நிலையங்களும் செய்தன. பதிவுக்கும் பரீட்சைக்கும் மாணவர் கட்டினார்கள். நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகம் 1980இலிருந்து கட்டணம் வாங்கித்தான் படிப்பிக்கிறது. வார இறுதியில் நடக்கும் முகாமைத்துவ, கணினி, சட்டப் பட்டப்பின்படிப்புகள், மொறட்டுவையின் பொறியியல் ஆலோசனைச் சேவை, வெளிநாட்டு மாணவருக்குக் கட்டண இடம் என்று வழிகள் பல.

குறை எங்கே என்றால், உழைக்கக்கூடிய துறைகள் சில, உழைக்க முடியாதவை பல. முகாமைத்துவப் பீடத்தின் எம்.பி.ஏ.க்கு ஆள் வரும். மெய்யியலுக்கும் தமிழுக்கும் கணிதத்துக்கும் யார் வார இறுதியில் இலட்சக்கணக்கில் கட்டுவார்கள்? ஊரும் முக்கியம். கொழும்பில் வங்கி ஊழியர் சனிக்கிழமை வகுப்புக்கு வருவார். வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகமோ, 2021 ஓகஸ்ட்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவோ அந்தச் சந்தையை எங்கே தேடும்? சுயவருமானம் என்ற மருந்தைச் சம அளவில் கொடுத்தால் கொழும்பு கொழுக்கும், வன்னி மெலியும். வடக்கின் உயர்கல்வி சந்தையில் பிறந்ததுமல்ல. 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் காணியிலும் கட்டடங்களிலும்.

வெளியிலிருந்து வரும் பணத்துக்கு வேறொரு குணம். உலக வங்கி 2003இலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக மூன்று உயர்கல்வித் திட்டங்களுக்குப் பணம் கொடுத்தது. கடைசித் திட்டம் 2017இல் தொடங்கியது, 10 கோடி டொலர். ஆசிய அபிவிருத்தி வங்கி 2018இல் நான்கு பல்கலைக்கழகங்களின் தொழில்நுட்பத் துறைகளுக்கு 14.5 கோடி டொலர் கடன் கொடுத்தது. கிளிநொச்சியில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்களுக்கு இந்தியா உதவியது. கட்டடம் எழும், கருவி வரும், நாடா வெட்டுவார்கள். அந்தக் கருவியைப் பழுதுபார்ப்பதும், இயக்குகிற ஆய்வுகூட உதவியாளருக்குச் சம்பளம் கொடுப்பதும் திறைசேரியின் மீண்டெழும் செலவு. அதுதான் இல்லை.

தனியார் பக்கம் தள்ளிவிடும் யோசனைக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1980இல் வந்த வடகொழும்பு மருத்துவக் கல்லூரி தசாப்தம் முடியும்போது எதிர்ப்பில் முடிந்து, றாகமையில் களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமானது. மாலபேயின் சைட்டம் தனியார் மருத்துவக் கல்லூரி 2017இல் அதே வழியில் போனது, மாணவர்கள் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டார்கள். மஹாபொல நிதியத்தின் பணத்தோடு 1999இல் உருவான எஸ்.எல்.ஐ.ஐ.ரி. நிறுவனம் பின்னர் நிதியத்தின் கையைவிட்டுப் போனது எப்படி என்று பாராளுமன்றக் கோப் குழு 2021இல் குடைந்து கேட்டது. 2017இலிருந்து தனியார் பட்டப்படிப்புக்கு வட்டியில்லாக் கடன் திட்டமொன்றும் இருக்கிறது. வட்டியை அரசு கட்டும். அதாவது இல்லாத காசில் ஒரு பங்கு தனியார் நிலையத்தின் கட்டணத்துக்கும் போகிறது.

இதே கஷ்டத்தில் வேறு நாடுகள் என்ன செய்தன? அயர்லாந்து 2009இலிருந்து பல்கலைக்கழக ஆட்சேர்ப்புக்குக் கட்டுப்பாடு போட்டது. மாணவர் தொகை ஏற, ஆசிரியர் தொகை இறங்கியது. 1996இல் கட்டணத்தை ஒழித்த அந்த நாட்டில் “மாணவர் பங்களிப்பு” என்ற பெயரில் அது திரும்பிவந்து 2015இல் 3,000 யூரோவானது. ஆனால் அவர்கள் ஒன்று செய்தார்கள்: பீட்டர் கசல்ஸ் தலைமையில் குழு அமைத்து, 2016இல் அரசு முழுமையாகக் கொடுப்பது, கொஞ்சம் கொடுப்பது, கடன்முறை என்று மூன்று வழிகளை விலைபோட்டு மக்கள் முன் வைத்தார்கள். கிரேக்கம் வைக்கவில்லை. 2013இல் நிர்வாக ஊழியர்களைக் குறைக்கும் உத்தரவு வந்ததும் ஏதென்ஸ் பல்கலைக்கழகம் இயங்க முடியாது என்று கதவைச் சாத்தியது.

பாக்குநீரிணைக்கு அப்பால் 1857இல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் வினோதம். கணக்காய்வு ஆட்சேபனைகளால் மாநில அரசின் மானியம் தடைப்பட்டது. மானியம் குறைந்ததால் அது “அரசு நிதியில் பெரிதும் இயங்கும் நிறுவனம்” அல்ல என்று சொல்லி வருமானவரித் துறை சுமார் 424 கோடி இந்திய ரூபா வரி கேட்டு, 2024இல் வங்கிக் கணக்குகளை முடக்கியது. பணம் வராததற்கே தண்டம். ஓய்வூதியச் சுமையும் அதன் தலையில்தான். இலங்கைப் பல்கலைக்கழக ஊழியர்கள் அரச ஓய்வூதியத்தில் இல்லாமல் பங்களிப்பு நிதிகளில் இருப்பதால் இங்குள்ள நிதியாளர்களுக்கு அந்த ஒரு தலையிடி மட்டும் இல்லை.

பொருளாதாரம் 2024இல் 5 வீதம் வளர்ந்தது. அப்படியானால் பழைய ஒதுக்கீடு திரும்புமா? இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு சட்டம் இருக்கிறது. 2024ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க அரச நிதி முகாமைத்துவச் சட்டம், வட்டி நீங்கிய அரச செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 வீதத்துக்குள் அடக்குகிறது. அந்தப் பதின்மூன்றுக்குள் வைத்தியசாலை, பாடசாலை, இராணுவம், சமுர்த்திக்குப் பின் வந்த அஸ்வெசும, தெரு, பல்கலைக்கழகம் எல்லாம் அடங்கவேண்டும். 2012இல் விரிவுரையாளர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து கேட்டது கல்விக்கு 6 வீதம். நாடு செலவிடுவது 2 வீதத்துக்கும் குறைவு. அன்று அந்தப் போராட்டத்தில் நின்ற திறந்த பல்கலைக்கழக விரிவுரையாளர் ஹரிணி அமரசூரிய 2024இல் பிரதமரும் கல்வி அமைச்சரும் ஆனார். ஆறைக் கேட்டவரின் கையில் பதின்மூன்றின் உச்சவரம்பு. இராணுவத்தின் பங்கைத் தொடாமல் இந்தக் கூட்டல் சரிவராது என்பதைச் சொல்ல அரசியல்வாதிகள் தயங்குகிறார்கள். பல்கலைக்கழக மூதவைகள் ஏன் தயங்குகின்றன என்பதுதான் விளங்கவில்லை.

செய்யக்கூடியது சிலதாவது இருக்கிறது. ஒதுக்கீட்டை மூன்று வருடத்துக்கு முன்கூட்டியே அறிவிக்கலாம், அதற்கு மேலதிக சதம் தேவையில்லை. வெற்றிடம் நிரப்பும் அதிகாரத்தை, உறுதியான சம்பள வரம்போடு, பேரவைகளிடமே விடலாம். கட்டணப் படிப்புகளில் வரும் வருமானத்தின் ஒரு பங்கைப் பொது நிதியாக்கி, உழைக்க முடியாத துறைகளுக்கும் வடக்கு, கிழக்கு, ஊவாவிலுள்ள சிறிய பல்கலைக்கழகங்களுக்கும் பிரிக்கலாம். கொழும்பும் மொறட்டுவையும் முறைக்கும், முறைக்கட்டும். மஹாபொலவை விலைவாசிச் சுட்டெண்ணோடு கட்டிவிட்டால் ஒவ்வொரு அமைச்சரும் கூட்டிக் கைதட்டல் வாங்கும் வாய்ப்புப் போகும், பிள்ளைக்குச் சோறு மிஞ்சும்.

சர்வதேச நாணய நிதியத்தின் நாற்பத்தெட்டு மாதத் திட்டம் 2023 மார்ச்சில் தொடங்கியது, 2027இல் முடிகிறது. மறுசீரமைத்த கடன்களின் தவணை 2028இலிருந்து கனக்கத் தொடங்கும். இப்போது பம்பலப்பிட்டியில் புத்தகப்பையோடு உயர்தர டியூஷனுக்கு ஏறி இறங்கும் பிள்ளை, இசட் புள்ளி கைகொடுத்தால், கம்பஸில் காலடி வைப்பதும் ஏறத்தாழ அந்த வருடம்தான்.